நீரைக் கடக்க எது: படகா, மெட்ரோவா, சாலைச் சுரங்கமா?

ஆற்றின் இரு கரையிலும், அல்லது ஒரு கழிமுகத்தைச் சுற்றி வளரும் நகரம் எதுவானாலும் ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்ளும். இருக்கிற பாலங்கள் நிரம்பிவிட்டன, அடுத்து என்ன? மெட்ரோ போடுங்கள் என்கிறது ஒரு தரப்பு. ஆறு சும்மாதானே கிடக்கிறது, படகு விட்டால் போதுமே என்கிறது இன்னொரு தரப்பு. கார் வைத்திருப்பவர்கள் ஆற்றுக்கு அடியில் ஒரு சாலைச் சுரங்கம் கேட்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் மூன்று பேர் சொல்வதும் நியாயமாகவே தோன்றும், வீடு திரும்பும்போது முன்பைவிடக் குழப்பம்தான் மிஞ்சும். அப்படிக் குழம்பி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைக் கட்டுவது என்பதில் நகரங்கள் செய்யும் தவறைவிட, எதை முதலில் கட்டுவது என்பதில் செய்யும் தவறுக்குத்தான் விலை அதிகம். படகுத் தடத்தைத் தப்பாகப் போட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். சுரங்கத்தைத் தப்பான இடத்தில் தோண்டிவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அங்கேதான் இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

உச்ச நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேர். நாளொன்றுக்கு இத்தனை லட்சம் என்ற எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. காலையில் நெரிசல் மிகுந்த அந்த ஒரு மணி நேரத்தில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எத்தனை பேர் போக வேண்டும்? அதுதான் வேண்டும். நூறு பேர் ஏறும் படகைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 600 பேர். நானூறு பேர் படகு என்றால் 2,400. சாலைச் சுரங்கத்தில் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 வண்டிகள் போகும், காருக்குச் சராசரி ஒன்றரை ஆள் என்று வைத்தால் 3,000 பேர். ஆறு பெட்டி மெட்ரோவில் நெருக்கி ஏறினால் 1,500 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 30,000. இந்த நான்கு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தாலே பாதிச் சண்டை முடிந்துவிடும்.

வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம். கொல்கத்தா மெட்ரோ ஹூக்ளி ஆற்றின் அடியில் 520 மீட்டரை 45 விநாடியில் கடக்கிறது. ஆனால் பயணி செலவழிப்பது அந்த 45 விநாடியை மட்டுமா? தெருவிலிருந்து முப்பது மீட்டர் ஆழத்தில் இருக்கும் நடைமேடைக்கு இறங்க மூன்று நான்கு நிமிடம், ரயிலுக்குக் காத்திருக்க இரண்டு நிமிடம், அந்தப் பக்கம் ஏற இன்னொரு நான்கு நிமிடம். மொத்தம் பத்துப் பதினோரு நிமிடம். ஒரு கிலோமீட்டர் அகல ஆற்றைப் படகு மூன்று நிமிடத்தில் கடக்கும், கட்டவும் அவிழ்க்கவும் மூன்று நிமிடம், காத்திருப்பு சராசரி ஐந்து நிமிடம். கணக்கு ஏறத்தாழ அதே இடத்தில் வந்து நிற்கிறது. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், படகுத்துறைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில்.

பணம், கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கட்டும் பணத்தைக் கடன் வாங்கிவிடலாம், ஓட்டும் பணத்தை வருடா வருடம் எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும்.

கெட்ட நாளில் என்ன ஆகும். வெள்ளம், மூடுபனி, நிலநடுக்கம், தீ, சாதாரணமான ஒரு இயந்திரக் கோளாறு. ஒவ்வொரு வழியும் வேறு வேறு விதமாகப் படுக்கும்.

கணக்கு தப்பினால் திரும்ப முடியுமா. இதைத் திட்ட அறிக்கைகளில் தேடினாலும் கிடைக்காது. எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

## படகு

படகின் பெரிய பலம், பாதை ஏற்கெனவே இருக்கிறது. நிலம் எடுக்க வேண்டாம், வீடுகளை இடிக்க வேண்டாம், இரண்டு மூன்று வருடத்தில் ஓட்டத் தொடங்கலாம். கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் இரண்டு வழித்தடங்களோடு தொடங்கியது. முழுத் திட்டம் 78 படகுகள், 38 துறைகள். ஆனால் 38 துறையும் முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை, முடிந்த துறையைத் திறந்துகொண்டே போனார்கள். படகால் மட்டும்தான் இப்படிச் சில்லறையாக வளர முடியும். பாதி தோண்டிய சுரங்கத்தில் யாரும் பயணம் செய்ய முடியாது.

அங்கே கவனிக்க வேண்டியது படகைவிட அதன் துறையை. துறை மிதவை மேல் நிற்கிறது, தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் துறையின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும், சக்கர நாற்காலியில் வருபவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறலாம். ரயில் நிலையம் போலவே நுழைவுக் கதவு, அங்கேயே பயணச்சீட்டு, மெட்ரோவுக்கும் படகுக்கும் ஒரே அட்டை. படகுச் சேவை தோற்ற இடங்களில் பெரும்பாலும் படகில் குறை இருந்திருக்காது. வழுக்கும் படி, கூரை இல்லாத துறை, இறங்கியதும் பேருந்து இல்லாத கரை, இவைதான் ஆளை விரட்டும்.

நடக்கும் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹாங்காங்கைப் பார்க்கலாம். அங்கே ஸ்டார் ஃபெர்ரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஓடுகிறது. 1972-ல் துறைமுகத்துக்கு அடியில் சாலைச் சுரங்கம் வந்தது, 1980-ல் மெட்ரோ வந்தது, இரண்டையும் தாண்டி அது நிலைத்து நின்றது. 2006-ல் கடலை மேடாக்கும் வேலைக்காக மத்தியப் பகுதித் துறையைச் சற்றுத் தள்ளிக் கட்டினார்கள். பயணிகள் குறைந்தார்கள். படகு அதே படகு, கட்டணத்திலும் பெரிய மாற்றமில்லை, சில நிமிட நடை கூடியது, அவ்வளவுதான்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது ஆள். நூறு பேர் படகுக்கும் ஓட்டுநர், இயந்திரம் பார்ப்பவர், கயிறு கட்டுபவர் என்று குறைந்தது இரண்டு மூன்று பேர் வேண்டும், 1,500 பேர் ரயிலுக்கு ஒரு ஓட்டுநர் போதும், ஓட்டுநரே இல்லாமலும் ஓடுகின்றன. கட்டும்போது மலிவாகத் தெரிந்த படகு, பயணி ஒருவருக்கு ஆகும் அன்றாடச் செலவில் ரயிலைவிட எளிதாக மேலே போய்விடும். இரண்டாவது வேகம். படகின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு இயந்திர ஆற்றல் வேண்டும், தண்ணீர் அப்படித் தடுக்கும். அதோடு வேகப் படகு எழுப்பும் அலை கரையை அரிக்கும் என்பதால் ஊருக்குள் வேகக் கட்டுப்பாடு வந்துவிடும். "இருபது கிலோமீட்டரைப் படகில் அரை மணியில் கடக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இரண்டையும் கேளுங்கள். மூன்றாவது தூர்வாரல், வருடா வருடம். நான்காவது உபரிப் படகு: ஒவ்வொன்றையும் அவ்வப்போது கரையேற்றிப் பழுது பார்த்தாக வேண்டும், பத்து ஓட வேண்டுமானால் பன்னிரண்டாவது வாங்க வேண்டும்.

கெட்ட நாளில் படகின் குணம் விசித்திரமானது. மூடுபனிக்கும் புயலுக்கும் முதலில் நிற்பது அதுதான். ஆற்றில் வெள்ளம் வந்தால் துறையே போகும், பிரிஸ்பேனில் 2011 சனவரி வெள்ளத்தில் பல துறைகள் அப்படித்தான் சேதமாகின. ஆனால் மற்ற எல்லாம் முறிந்த நாளில் கைகொடுப்பதும் அதே படகுதான். 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் வளைகுடாப் பாலத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்து, ஒரு மாதம் பாலமே மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் அவசரமாகப் படகுகளைக் கொண்டுவந்துதான் ஒரு பகுதிக் கூட்டத்தைச் சமாளித்தார்கள்.

பெரிய படகால் பெரிய கூட்டத்தை ஏற்றவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகுகளில் புதியவை ஒவ்வொன்றும் நாலாயிரத்துக்கும் மேல் பயணிகளை ஏற்றும், எட்டு கிலோமீட்டரை 25 நிமிடத்தில் கடக்கும், 1997-லிருந்து கட்டணமே கிடையாது. அது ஏன் அங்கே நிலைத்தது என்றால், தீவிலிருந்து மன்ஹாட்டனுக்கு நேராகப் போகப் பாலமோ ரயிலோ இல்லை, இரண்டு முனையிலும் ரயில் வந்து நிற்கிறது.

படகு பொருந்துவது: உச்ச நேரத்தில் ஒரு திசையில் இரண்டாயிரம், மூவாயிரம் பேருக்குள், வீடும் வேலையும் கரையை ஒட்டியே இருக்கும்போது, தீவுகள் சிதறிக் கிடக்கும்போது, மெட்ரோ வர இன்னும் பத்து வருடம் ஆகும் என்னும்போது.

## மேலே போகும் ரயில்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், "மெட்ரோ" என்றதும் பலர் சுரங்கத்தையே நினைக்கிறார்கள். திட்டத்துறையில் வழக்கமாகச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது: தரையில் போட ஒரு பங்கு செலவானால், தூண்கள் மேல் உயர்மட்டப் பாதைக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு, சுரங்கத்துக்கு நான்கு முதல் ஆறு பங்கு. இடத்துக்கு இடம் மாறும், ஆனால் வரிசை மாறாது. ஒரு கிலோமீட்டர் சுரங்கத்தின் பணத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயர்மட்டப் பாதை கிடைக்கும் என்றால், அந்தக் கூடுதல் கிலோமீட்டரில் யார் வீடு இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் நகரின் விளிம்பில், வாடகை குறைவு என்று போய்ச் சேர்ந்தவர்கள்.

சத்தம், நிழல், ஜன்னலை மறைக்கும் தூண் என்று எதிர்ப்பு வரும். உண்மையான குறைதான், ஒதுக்கிவிட முடியாது. அகலமான சாலை உள்ள இடத்தில் அது தாங்கக்கூடிய குறை, பத்து மீட்டர் சந்தில் தாங்க முடியாதது.

நீரைக் கடக்க வரும்போது, கப்பல் போகும் ஆறாக இல்லாவிட்டால், ரயிலுக்கு ஒரு பாலமே போதும். இதை முதலில் கேட்டுப் பார்க்காமல் சுரங்கத்துக்குத் தாவுவதை நான் ஏற்க மாட்டேன். கப்பல் போகும் ஆறு என்றால் பாலத்தை உயர்த்த வேண்டும். ரயில் ஏறக்கூடிய சரிவு மூன்று நான்கு சதவீதம்தான், ஐம்பது மீட்டர் உயரத்துக்கு ஏற இருபுறமும் ஒன்றரைக் கிலோமீட்டர் வேண்டும். அப்போது சுரங்கம் நியாயமாகிறது.

பொருந்துவது: பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம், அகலமான சாலைகள், நீரோ குறுகலானது அல்லது கப்பல் போகாதது.

## ஆற்றடியில் மெட்ரோ

கூட்டம் நிஜமாகவே பெரிதென்றால் இதற்கு ஈடு கிடையாது. சிட்னியில் 2024 ஆகஸ்டிலிருந்து துறைமுகத்துக்கு அடியில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ போகிறது, இஸ்தான்புல்லில் 2013 அக்டோபரிலிருந்து பாஸ்போரஸ் நீரிணைக்கு அடியில் மர்மராய் ரயில் போகிறது. ஒருமுறை கட்டிவிட்டால் நூறு வருடத்துக்கு மேல் உழைக்கும். லண்டனில் தேம்ஸுக்கு அடியில் 1843-ல் திறந்த சுரங்கத்தில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

அந்தச் சுரங்கத்தின் கதையைத் திட்டம் போடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தோண்டியது குதிரை வண்டிகளுக்காக. ஆனால் தெருவிலிருந்து சுரங்கத்துக்கு வண்டிகள் இறங்கச் சரிவுப் பாதை கட்டப் பணம் மிஞ்சவில்லை. பல வருட உழைப்பில் ஆற்றைத் துளைத்துவிட்டு, வெறும் நடைபாதையாகத் திறந்தார்கள். 1869-ல்தான் ரயில் வந்தது. ஆற்றைத் தாண்டுவது ஒரு வேலை, ஊரோடு இணைப்பது அதைவிடப் பெரிய வேலை. இருநூறு வருடம் ஆகப்போகிறது, இன்றும் அதே இடத்தில்தான் பணம் கரைகிறது.

கொல்கத்தாவையே எடுத்துக்கொள்வோம். ஹூக்ளிக்கு அடியில் தோண்டுவதுதான் ஆபத்து என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பகுதி 2017-லேயே சிக்கல் இல்லாமல் முடிந்தது. 2019 ஆகஸ்ட் கடைசியில், ஆற்றைத் தாண்டி ஊருக்குள் பௌபசாரில் தோண்டும் இயந்திரம் நிலத்தடி நீர் நிறைந்த படுகையைக் குத்திவிட, மேலே இருந்த பழைய கட்டடங்கள் விரிசல் விட்டன, சில இடிந்தே விழுந்தன, நூற்றுக்கணக்கானவர்கள் கட்டிய துணியோடு வெளியேற வேண்டியதாயிற்று. ஆற்றடிப் பகுதியில் 2024 மார்ச்சில் பயணிகள் போகத் தொடங்கினார்கள், பௌபசார் வழியான இணைப்பு 2025 ஆகஸ்டில்தான் திறந்தது. ஹூக்ளியோ எட்டு வருடம் முன்னாலேயே வழிவிட்டுவிட்டது.

மர்மராயில் வேறு மாதிரி. 2009-ல் முடிக்கத் திட்டம். நிலையத்துக்காக யெனிகாபியில் தோண்டியபோது பைசாந்தியக் காலத் துறைமுகமே வெளியே வந்தது, 37 பழைய கப்பல்கள் அதில் கிடந்தன. தொல்லியலாளர்கள் அதைப் பொறுமையாக எடுத்ததில் தவறே இல்லை, எடுத்திருக்கத்தான் வேண்டும். பழைய நகரத்தின் நடுவில் தோண்டப்போகிறோம் என்று தெரிந்தும் அதற்கான வருடங்களைக் கால அட்டவணையில் வைக்காததைத்தான் குறையாகச் சொல்வேன்.

அப்புறம் லண்டனின் எலிசபெத் தடம். சுரங்கம் தோண்டி முடிந்தது 2015-ல். 2018 டிசம்பரில் திறப்பதாக அறிவித்தார்கள். திறந்தது 2022 மே மாதம். மண்ணைக் குடைந்து முடித்த பிறகு ஏழு வருடம்! சிக்னல் மென்பொருள், நிலையங்களின் உள்வேலை, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசவைத்துச் சோதிப்பது, இதில் போயிற்று. "இயந்திரம் மறுகரையைத் தொட்டுவிட்டது" என்ற படத்தைப் பார்த்து மகிழ்ந்து, அடுத்த வருடம் ரயில் என்று வீடு வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை: மண். ஆறரை மீட்டர் விட்டத்தில் இரட்டைக் குழாய் தோண்டினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 66,000 கன மீட்டர் மண் வரும். பத்து கன மீட்டர் லாரிக்கு 6,600 நடை, தோண்டிய மண் உப்பும் என்பதால் அதற்கும் மேல். அந்த லாரிகள் எந்தத் தெரு வழியாக, எந்த நேரத்தில், எங்கே போய்க் கொட்டும் என்பதைக் கருத்துக் கேட்பின்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, செலவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. செலவை விழுங்குவது குழாயைவிட நிலையங்கள்தான். நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூ தடத்தின் முதல் கட்டம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, மூன்று புதிய நிலையங்கள், ஏறத்தாழ 450 கோடி டாலர் ஆயிற்று. பெரும்பங்கு ஆழத்தில் குடைந்த பிரம்மாண்டமான நிலையங்களுக்கு. அதே காலத்துக்குச் சற்று முன்னால், மாட்ரிட் 2003-ல் திறந்த மெட்ரோசூர் 40 கிலோமீட்டர், 28 நிலையங்கள், நான்கு வருடத்துக்குள் முடிந்தது. அங்கே நிலையங்களை ஒரே மாதிரி எளிமையாக, முடிந்தவரை மேலோட்டமான ஆழத்தில் கட்டினார்கள், முடிவெடுக்கும் பொறியாளர்கள் அரசிடமே இருந்தார்கள். உங்கள் நகரத்தில் ஒவ்வொரு நிலையமும் தனித்தனி மாளிகையாக வரைபடத்தில் தெரிந்தால், அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆழம் குறைய இன்னொரு வழியும் உண்டு. இயந்திரத்தால் துளைத்தால் ஆற்றின் தரைக்குக் கீழே ஏறத்தாழ குழாயின் விட்டம் அளவு மண் மேலே இருக்க வேண்டும், அதனால் ஆழம் கூடும், கரையோர நிலையமும் ஆழத்துக்குப் போகும். அதற்குப் பதில் கரையில் வார்த்த பெரிய குழாய்த் துண்டுகளை மிதக்கவிட்டு இழுத்துப்போய், ஆற்றின் அடியில் வெட்டிய பள்ளத்தில் அமிழ்த்திப் பூட்டுவதும் நடக்கிறது. 1974-ல் ரயில் ஓடத் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ வளைகுடாச் சுரங்கம் இப்படி 57 துண்டுகளால் ஆனது. 1989 நிலநடுக்கத்தில் மேலே பாலம் இடிந்தபோது கீழே அது தாங்கி நின்றது, சில மணி நேரத்தில் ரயில் மறுபடி ஓடியது. ஆனால் பள்ளம் வெட்டும் காலத்தில் கப்பல் போக்குவரத்தும் மீன்பிடிப்பும் பாதிக்கும், அந்த இழப்பீடும் கணக்கில் வர வேண்டும்.

சுரங்கத்தின் கெட்ட நாள் தண்ணீர். 2012-ல் சாண்டி புயலில் நியூயார்க்கின் பல ஆற்றடிச் சுரங்கங்களில் கடல் உப்புநீர் புகுந்தது. பம்ப் செய்து சில நாளில் ரயில் விட்டார்கள். ஆனால் உப்பு கேபிள்களை அரித்துக்கொண்டே இருந்தது, ஒரு சுரங்கத்தின் பெரும் பழுதுவேலை 2020 வரை நீண்டது. வாசல் எத்தனை படி உயரத்தில் இருக்கிறது, வெள்ளக் கதவு உண்டா, பம்புக்கு மாற்று மின்சாரம் உண்டா. சின்ன விஷயங்களாகத் தெரியும் இவற்றைத்தான் செலவு குறைப்பில் முதலில் வெட்டுவார்கள்.

பொருந்துவது: பதினைந்தாயிரத்துக்கு மேல் கூட்டம், இரு கரையிலும் அடர்ந்த நகரம், கப்பல் போகும் நீர், பத்து வருடம் தாங்கும் கடன் வலிமை. நான்கில் ஒன்று குறைந்தாலும் இன்னொருமுறை யோசிக்கலாம்.

## சாலைச் சுரங்கம்

இதில் என் சாய்வை மறைக்கப்போவதில்லை. வளரும் நகரத்தின் நடுவில் கார்களுக்காக ஆற்றடிச் சுரங்கம் தோண்டுவதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறேன். இரண்டு தடம் போட்டால் மணிக்கு ஆறாயிரம் பேர், அதற்கு ரயில் சுரங்கத்தைவிட அகலமான துளை, புகையை வெளியேற்றும் காற்றோட்டக் கோபுரங்கள், தீ ஏற்பாடு, இரு முனையிலும் தெருக்களை விழுங்கும் சரிவுப் பாதை. வெளியே வரும் வண்டிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிய அதே சந்திப்பில்தான் வந்து நிற்கும். சுரங்கம் நெரிசலைக் கரைக்காது, ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கும்.

பெரிய துளைக்குப் பெரிய இடர். சியாட்டிலில் பதினேழரை மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் 2013 டிசம்பரில் நின்று, ஏறத்தாழ இரண்டு வருடம் நகரவில்லை. மேலிருந்து குழி தோண்டி அதன் முகத்தைத் தூக்கி எடுத்துச் சரிசெய்தார்கள், சாலை திறந்தது 2019-ல். பாஸ்டனில் நெடுஞ்சாலையைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகும் திட்டம் 1980-களில் 280 கோடி டாலர் மதிப்பீட்டில் தொடங்கி, வட்டியைச் சேர்க்காமலே 1,400 கோடி டாலரைத் தாண்டியது. இதனால் மேலே பூங்கா கிடைத்தது, அது உண்மை. 2006-ல் கூரைப் பலகை விழுந்து காரில் போன ஒருவர் இறந்ததும் உண்மை.

சுங்கக் கட்டணத்திலேயே பணம் திரும்பும் என்பார்கள். சிட்னியில் 2005-ல் திறந்த கிராஸ் சிட்டி சுரங்கத்துக்கு நாளுக்குத் தொண்ணூறாயிரம் வண்டிகள் வரும் என்று கணித்தார்கள், மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வந்தன, அடுத்த வருடக் கடைசியில் நிறுவனம் நொடித்தது. வண்டி குறைந்தால் அரசு ஈடுகட்டும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த நட்டம் நம்மிடம் வரும். அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அப்படியானால் எப்போது சரி? துறைமுகத்துக்கோ சந்தைக்கோ சரக்கு வண்டிகள் நகரின் நடுவைக் கிழித்துக்கொண்டு போகும்போது, ஆம்புலன்ஸுக்குக்கூட வேறு வழி இல்லாதபோது, ஒரே பழைய பாலத்தை நம்பி முழு நகரமும் இருக்கும்போது. அப்போதும் இரண்டு நிபந்தனை: பேருந்துக்குத் தனித் தடம், தொடக்க நாளிலிருந்தே கட்டணம். லண்டனில் 2025 ஏப்ரலில் திறந்த சில்வர்டவுன் சுரங்கத்தில் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் தடம் ஒதுக்கினார்கள், பக்கத்தில் அதுவரை இலவசமாக இருந்த பிளாக்வால் சுரங்கத்துக்கும் அதே நாளில் கட்டணம் போட்டார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் புதியதற்கு மட்டும் கட்டணம் வைத்தால் கூட்டம் பழையதிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தடத்தில் மணிக்கு நூறு பேருந்து, பேருந்துக்கு அறுபது பேர் என்றால் ஆறாயிரம். இரண்டு தடக் கார்கள் சுமக்கும் கூட்டத்தை ஒரே தடம் சுமந்துவிடும்.

## ஒரு பார்வையில்

| | படகு | உயர்மட்ட ரயில் | ஆற்றடி மெட்ரோ | சாலைச் சுரங்கம் |
|---|---|---|---|---|
| ஒரு திசையில் மணிக்கு | 600 – 2,400 (சாதாரணப் படகுகள்) | 30,000 வரை, அதற்கு மேலும் | 30,000 வரை, அதற்கு மேலும் | தடத்துக்கு 3,000 |
| தொடங்க ஆகும் காலம் | 2 – 3 வருடம் | 5 – 7 வருடம் | 8 – 15 வருடம் | 6 – 10 வருடம் |
| கட்டும் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | மிக அதிகம் |
| பயணிக்கு ஓட்டும் செலவு | அதிகம் | குறைவு | கூட்டம் இருந்தால் குறைவு | செலவு வாகனம் ஓட்டுபவர் தலையில் |
| மறைந்திருப்பது | ஆட்கள், தூர்வாரல், உபரிப் படகு | நிலம், சத்தம் | நிலையங்கள், மண், சிக்னல் சோதனை | காற்றோட்டம், சரிவுப் பாதை, வருவாய் உத்தரவாதம் |
| கெட்ட நாள் | பனி, புயல், வெள்ளம் | பலத்த காற்று | நீர் புகுதல், தீ | தீ, விபத்து |
| தப்பினால் திரும்ப | எளிது | கடினம் | முடியாது | முடியாது |

காலக் கணக்கு என் மதிப்பீடுதான், ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து. மேலே சொன்ன நகரங்களைப் பார்த்தாலே இவை தாராளமானவை அல்ல என்று தெரியும்.

## நான் என்றால் எந்த வரிசையில் செய்வேன்

மதிப்பீடு தப்பும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவேன். பெரிய திட்டங்களின் செலவை ஆராய்ந்த பெண்ட் ஃப்ளூப்யர்க் குழு 258 திட்டங்களைப் பார்த்ததில், ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதமும், பாலங்களும் சுரங்கங்களும் 34 சதவீதமும், சாலைகள் 20 சதவீதமும் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. அந்த 45 சதவீதத்தை முதல் நாளே கூட்டி வைத்து, அப்போதும் நகரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால் தடத்தின் நீளத்தைக் குறைக்கலாம், அல்லது சுரங்கத்தில் ஒரு பகுதியை மேலே கொண்டுவரலாம். பாதியில் நிறுத்துவதைவிட அது மேல்.

முதல் வருடமே மெட்ரோ போக வேண்டிய பாதையை நகரத் திட்ட வரைபடத்தில் ஒதுக்கிவைப்பேன், நிலையம் வரும் இடத்தில் அடுக்குமாடிக்கு ஆழமான அடித்தளத் தூண் இறங்காமல் பார்த்துக்கொள்வேன். பணமே செலவாகாத வேலை இது, ஆனால் பத்து வருடம் கழித்துப் பல நூறு கோடியை மிச்சப்படுத்தும். அதே இரண்டு கரைப் புள்ளிகளுக்கு நடுவில் படகு விடுவேன், கரையில் இறங்குபவருக்குப் பேருந்து நிற்க வைப்பேன். இரண்டு வருடம் ஓடினால் கூட்டம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அட்டைகளின் பதிவே சொல்லும், ஆய்வு நிறுவனத்தின் கணிப்பைவிட அது நம்பகமானது. படகு உச்ச நேரத்தில் ஆளை விட்டுவிட்டுப் போகிற நிலை வந்தால் ரயிலுக்கு நேரம் வந்துவிட்டது. காலியாகவே ஓடினால் சுரங்கத்தின் மேல் கையெழுத்துப் போடும் முன் அந்த இடத்தைத் திரும்பப் பார்ப்பேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பாலத்தில் ஏற்கெனவே பேருந்துகள் வரிசையாக நின்று, மணிக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் கடக்கத் தவிக்கிற நகரத்தில் படகைப் போட்டுச் சோதித்துக் கொண்டிருக்க வேண்டாம், தேவை கண்ணெதிரே நிற்கிறது. அங்கே பாலத்தில் ஒரு தடத்தை இன்றே பேருந்துக்கு ஒதுக்கிவிட்டு, ரயில் வேலையைத் தொடங்கலாம்.

மெட்ரோ வந்த பிறகு படகை நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். இஸ்தான்புல் நிறுத்தவில்லை, மர்மராய்க்குப் பிறகும் படகுகள் ஓடுகின்றன. ரயில் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கும் துறைகளுக்குப் படகைத் திருப்பிவிடலாம், இரண்டு துறைகளையாவது அவசரத்துக்குத் தயாராக வைத்திருக்கலாம்.

உங்கள் நகரத்தில் சுரங்க வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் எது சிறந்தது என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. ஆனால் மூன்று விஷயங்களை இப்போதும் மாற்ற முடியும்: நிலைய வாசல்கள் சாலையின் இரு புறமும் இருக்கிறதா, திறக்கிற அன்றே பேருந்துத் தடங்கள் நிலையத்துக்குத் திரும்புமா, ரயில், பேருந்து, படகு மூன்றுக்கும் ஒரே அட்டையும், மாறி ஏறினால் இரண்டாவது கட்டணம் இல்லாத ஏற்பாடும் உண்டா. அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இந்த மூன்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.